கொம்பு மட்டும் வேண்டாம்

சிட்லபாக்கம்,
12 ஜூன் 2024

அன்புத் தம்பி முத்துவுக்கு,

அக்கா எழுதுகிறேன். கர்த்தருடைய தயவால் இங்கே பெரிய குறை ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் ஏழாம் வகுப்பு 'சி' பிரிவு மாதிரி, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கோத்தகிரியில் குளிர் எப்படி? வெந்நீர் வைத்துத்தான் குளிக்கிறாயா? ஜென்சியும் மாப்பிள்ளை ஸ்டெபினும் பெங்களூரிலிருந்து வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போனார்களா?

உனக்குக் காது போன பிறகு நாம் கடிதத்துக்குத் திரும்பியது ஒருவகையில் நல்லதுதான். போனில் நீ 'ஆங், ஆங்' என்பாய், நான் கத்துவேன். பக்கத்து வீட்டுப் பட்டு மாமி ஓடிவந்து என்ன சண்டை என்று கேட்பாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேற்று மாம்பலம் போய்விட்டு மின்சார ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். பல்லாவரம் தாண்டியதும் எதிரில் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் என்னையே பார்த்தார்கள். ஒருத்தி மற்றவள் காதில் ஏதோ சொன்னாள். நான் அதட்டியிருப்பேன் என்று நினைப்பாய். இல்லை. அவர்களே எழுந்து வந்து, "உங்ககூட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றார்கள். "என்னைத் தெரியுமா?" என்றேன். "உங்களைத் தெரியாம இருப்பாங்களா!" என்று சிரித்தாள் ஒருத்தி.

நான் ரிடையர் ஆகி எட்டு வருஷம். அன்றைக்கு ஆறாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு இப்போது இந்த வயதுதான் இருக்கும். பெயர் கேட்பதற்குள் சானடோரியம் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

உனக்கு இதுவரை சொன்னதில்லை. என் கடைசி நாளன்று விழா முடிந்து வெளியே வந்தபோது ஒரு பிள்ளைகூட எனக்காக நிற்கவில்லை. கணக்கு டீச்சருக்காக யார் அழுவார்கள் என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். முப்பத்தொரு வருஷம். பயந்தார்களே தவிர, யாருக்கும் என்னைப் பிடித்ததாகத் தெரியவில்லை. நேற்றுத்தான் அப்படி இல்லையோ என்று தோன்றியது.

மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. வந்து இரு என்று எழுதி எழுதி என் பேனா தேய்ந்துவிட்டது.

உன் அக்கா,
ரத்தினபாய்


கோத்தகிரி,
19 ஜூன் 2024

செல்ல மகள் ஜென்சிக்கு,

அப்பா சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இவ்வளவையும் போனில் தட்ட என் விரல் ஒத்துழைக்காது, அதனால் தாளில் எழுதுகிறேன்.

அத்தையின் கடிதம் வந்தது. ரயிலில் இரண்டு பெண்கள் அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். தன்னிடம் படித்த பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

உன் கல்யாண ஆல்பத்தில் அத்தை முறைக்கிற போட்டோவை வெட்டி நான்தானே ஸ்டிக்கர் செய்தேன்? நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டேன். மாப்பிள்ளை அதை ஆபீஸ் குரூப்பில் போட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து அது 'மொறைப்பு ஆன்ட்டி' என்று பெயர் வாங்கிக்கொண்டு உலகம் சுற்றுகிறது. எங்கள் பழைய மேனேஜர் லீவு கேட்ட ஒருவனுக்கு அதைப் பதிலாக அனுப்பியிருக்கிறார். அது என் அக்கா என்று அவருக்குத் தெரியாது. போலந்தில் ஒரு அம்மாள் அத்தையின் முகத்தைக் கம்பளி நூலில் பின்னியிருக்கிறாள். மதுரையில் ஒருவன் பூசணிக்காயில் செதுக்கியிருக்கிறான். யாரோ கிரீடம் வைத்து, கழுத்தில் முத்து மாலை போட்டு, பழைய மகாராணி ஓவியம் மாதிரி வரைந்திருக்கிறார்கள். அந்தக் கண் மட்டும் எதிலும் மாறவில்லை. யார் எப்படி வரைந்தாலும் அத்தை அத்தையாகவே இருக்கிறாள்.

அவளிடம் இருப்பது பட்டன் போன். யாரும் சொல்லாதவரை அவளுக்குத் தெரியப்போவதில்லை. நீ சொல்லாதே. மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

அன்புடன்,
அப்பா


கோத்தகிரி,
20 ஜூன் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். மூன்று நாளாகப் பனி, எதிர்வீடு தெரியவில்லை. காட்டெருமை ஒன்று வேலிக்குள் வந்து என் முட்டைக்கோஸை முடித்துவிட்டுப் போனது. அது வந்த சத்தமும் எனக்குக் கேட்கவில்லை, போன சத்தமும் கேட்கவில்லை.

ரயிலில் வந்த பெண்கள் உன்னிடம் படித்தவர்களாகத்தான் இருக்கும். வேறு யார்? போனில் உன்னிடம் ஏதாவது காட்டினார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

அங்கே வந்து இருப்பதைப் பற்றி மறுபடியும் கேட்டிருக்கிறாய். நாலு பேர் பேசும்போது நடுவில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு அலுத்துவிட்டது, அக்கா. இங்கே தேயிலைச் செடிகள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கோபித்துக்கொள்ளாதே. முழங்காலுக்குத் தைலம் தேய்.

உன் தம்பி,
சுவிசேஷமுத்து


சிட்லபாக்கம்,
17 ஜூலை 2024

அன்புத் தம்பி முத்துவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். காட்டெருமைக்கு வேலி போடு. தனியாக இருக்கிறவனுக்கு இவ்வளவு அலட்சியம் ஆகாது.

எனக்கு இப்போது வெளியே போவதே ஒரு வேலையாகிவிட்டது, சந்தோஷமான வேலை. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ரோடு கடக்க நின்றேன். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, எல்லா வண்டியையும் கை காட்டி மறித்து என்னை அந்தப் பக்கம் அனுப்பினார். "நீங்க முறைக்காம இருந்தா போதும்மா" என்றார். அவர் மனைவி என்னிடம் படித்திருக்க வேண்டும், வீட்டில் என்னைப் பற்றிப் பேசியிருப்பாள். குரோம்பேட்டை மருந்துக் கடையில் பில் போடுகிற பெண் என்னைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். பழைய சேட்டை போகவில்லை பார்.

கைப்பையில் கடலை மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன். யார் வந்து பேசினாலும் ஒன்று கொடுக்கிறேன். வகுப்பில் நான் யாருக்கும் ஒரு மிட்டாய் கொடுத்ததில்லை முத்து. இப்போது நினைத்தால் அது ஏன் என்றே தெரியவில்லை.

பழைய குரூப் போட்டோக்களைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். செப்டம்பர் ஐந்து ஆசிரியர் தினம். அன்றைக்கு மாலை வீட்டுக்கு வாருங்கள் என்று என்னைக் கண்டு பேசுகிற எல்லாரையும் கூப்பிடத் தொடங்கிவிட்டேன். சீட்டில் விலாசம் எழுதிக் கொடுக்கிறேன். கேசரியும் மெதுவடையும் செய்யலாம் என்று பட்டு மாமி சொல்கிறாள். அவள்தான் கொஞ்ச நாளாக ஒருமாதிரி இருக்கிறாள். ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், அப்புறம் வெயிலைப் பற்றிப் பேசுகிறாள்.

நீயும் அன்றைக்கு வர வேண்டும். என் பிள்ளைகளுக்கு உன்னைக் காட்ட வேண்டும்.

உன் அக்கா,
ரத்தினபாய்


கோத்தகிரி,
2 ஆகஸ்ட் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. தினமும் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் மாதம் உங்கள் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும். முழங்காலை வைத்துக்கொண்டு கேசரி கிளறி, நாற்காலி போட்டு… இதெல்லாம் இந்த வயதில் தேவையா? வழியில் பார்க்கிறவர்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிடுவதும் இந்தக் காலத்தில் நல்லதல்ல. விட்டுவிடேன், அக்கா.

என்னால் வர முடியாது. பட்டு மாமிக்கு என் வணக்கம் சொல்.

உன் தம்பி,
சுவிசேஷமுத்து


சிட்லபாக்கம்,
6 செப்டம்பர் 2024

தம்பி முத்துவுக்கு,

நான் சுகம். விழா நேற்று முடிந்தது. மழை வரவில்லை.

பதினோரு பேர் வந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. எட்டு பெண்கள், மூன்று ஆண்கள். ஆண்களைக் கண்டதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இவர்கள் எங்கே படித்தார்கள்? மாப்பிள்ளைகளாக இருக்கும் என்று நினைத்துக் கேசரி கொடுத்தேன்.

சுவரில் குரூப் போட்டோக்களை வரிசையாக மாட்டியிருந்தேன். "இதில் நீ எங்கே இருக்கே, காட்டு பார்க்கலாம்" என்று முன்னால் இருந்த பெண்ணைக் கூப்பிட்டேன். சத்யப்ரியா என்று பெயர், பொழிச்சலூர். அவள் போட்டோவைப் பார்த்தாள், கூட வந்தவர்களைப் பார்த்தாள். பின்னாலிருந்து ஒருவன், "ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை அந்த லுக்கு குடுங்க, வீடியோ எடுத்துக்கிறோம்" என்றான். எந்த லுக் என்று கேட்டேன்.

சத்யப்ரியாதான் அவன் கையைத் தட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டீச்சர், மன்னிச்சிருங்க. நான் உங்க ஸ்கூல் இல்லை. நாங்க யாருமே உங்க ஸ்கூல் இல்லை. நீங்க கூப்பிட்டீங்க, வந்தோம்" என்றாள். அவள் போனைக் காட்டினாள்.

பார்த்தேன். ஒன்று, இரண்டு இல்லை. விரலால் தள்ளத் தள்ள என் முகம் வந்துகொண்டே இருந்தது. நூலில், பூசணிக்காயில், ஆட்டோ முதுகில். கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் கட்டுகிற அடுக்குமாடியின் முன்னால், திருஷ்டி பொம்மைக்குப் பதிலாகத் தொங்கும் பிளெக்ஸ். அதில் எனக்குக் கொம்பும் சிவப்பு நாக்கும் வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனார்கள். சத்யப்ரியா போகும்போது அழுதாள். நான் அழவில்லை. பட்டு மாமி வந்து போட்டோக்களைக் கழற்ற உதவினாள். அவளுக்கு ஏப்ரல் மாதமே தெரியுமாம். சொல்லத் தைரியம் வரவில்லையாம்.

நான் கேட்பது ஒன்றுதான். படத்தில் இருக்கிற கத்தரிப்பூ நிறப் பட்டு, ஜென்சி கல்யாணத்துக்கு நீ எனக்கு எடுத்துக் கொடுத்தது. ஓரத்தில் பழுப்புக் கோட்டு போட்ட ஒரு தோள் கொஞ்சம் தெரிகிறது. அது உன் கோட்டு. வெளியார் யாரும் எடுத்த படம் இல்லை.

இது யார் வேலை?

ரத்தினபாய்


கோத்தகிரி,
14 செப்டம்பர் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

என் சுகத்தைப் பற்றி எழுத எனக்கு முகமில்லை.

நான்தான் செய்தேன். ஜென்சியின் ஆல்பத்திலிருந்த படத்தைப் போனில் எடுத்து, சுற்றிலும் வெட்டி, ஸ்டிக்கர் ஆக்கினேன். குடும்ப குரூப்பில் விளையாட்டுக்குப் போட்டேன். அது வெளியே போனது என் கையை மீறி நடந்தது. ஆனாலும் ஆரம்பித்தது நான்தான், வேறு யாரையும் கைகாட்டப் போவதில்லை.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. ரயிலில் வந்தவர்கள் உன் பிள்ளைகள்தான் என்று எழுதினேனே, அது தெரிந்தே எழுதிய பொய். உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்தபோது என் அக்காதான் எழுதினாளா என்று சந்தேகம் வந்தது. உன் எழுத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் தள்ளினேன், அப்புறம் ஒரு மாதம் தள்ளினேன். நீ கடலை மிட்டாய் என்று எழுதியபோதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் பதினோரு பேர் முன்னால் நீ அப்படி நின்றிருக்க மாட்டாய்.

அந்த பிளெக்ஸை எடுக்கச் சொல்லி நான் வந்து கேட்கிறேன். எனக்குக் கேட்காவிட்டாலும் பேச வாய் இருக்கிறது.

என்னை மன்னிக்கும்படி கேட்க நினைக்கிறேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

உன் தம்பி,
சுவிசேஷமுத்து


கோத்தகிரி,
10 அக்டோபர் 2024

அக்கா,

நான் சுகம். நீ சுகமா என்று மட்டும் ஒரு கார்டு போடு. வேறொன்றும் எழுத வேண்டாம்.

தபால்காரர் இப்போதெல்லாம் தூரத்தில் வரும்போதே என்னைப் பார்த்துக் கையை விரிக்கிறார்.

முத்து


பெங்களூர்,
2 நவம்பர் 2024

அன்பு அத்தைக்கு,

ஜென்சி எழுதுகிறேன். நானும் ஸ்டெபினும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நலமா என்று பட்டு மாமிக்கு மெசேஜ் போட்டுத் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு நான் லெட்டரே எழுதினதில்லை. தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புங்கள், பரவாயில்லை.

அந்த ஸ்டிக்கரை ஆபீஸ் குரூப்பில் போட்டது ஸ்டெபின். அப்பா அதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார். இன்னொன்றும் எழுதியிருக்க மாட்டார். அதைச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

என் கல்யாணத்தன்று நாகர்கோவிலில், மணமேடைக்கு எதிரிலேயே போட்ட பந்தியில் அப்பா பக்கத்தில் ஸ்டெபின் வீட்டு ஆட்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் அப்பாவிடம், "பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். அப்பா, "முந்நூறு பேர் வருவாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். அந்த ஆள் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து ஏதோ கேட்கிற மாதிரி நடித்தார். அப்பா சிரித்துக்கொண்டே, "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். அடுத்தவரும் அதையே செய்தார். அப்பா அதற்கும் தலையாட்டினார். நான் மணமேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அத்தை. மாலையோடு எழுந்து போக முடியவில்லை.

அப்போது எதிர்வரிசையிலிருந்து நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வரிசையே அடங்கிப்போனது. போட்டோகிராபர் அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார்.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். ஆல்பம் வந்ததும் அந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வீட்டில் எனக்காகப் பேச ஆள் இருக்கு" என்றார். அதற்கப்புறம்தான் ஸ்டிக்கர் செய்யக் கற்றுக்கொண்டார். குடும்ப குரூப்பில் யாராவது காதைப் பற்றி ஜோக் போட்டால், அப்பா பதில் எழுத மாட்டார். உங்களை அனுப்புவார். அவ்வளவுதான், உடனே எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள்.

அவர் அதை விளையாட்டுக்குச் செய்யவில்லை, அத்தை.

அன்புடன்,
ஜென்சி


சிட்லபாக்கம்,
20 நவம்பர் 2024

அன்புத் தம்பி முத்துவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். சாப்பிடு.

இரண்டு மாதம் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். முழங்கால் வலி, மழை என்றெல்லாம் சாக்குச் சொல்ல மாட்டேன். உன் கடிதம் இரண்டையும் பைபிளுக்குள் வைத்திருந்தேன், கிழிக்கவும் மனமில்லை, பதில் போடவும் மனமில்லை.

ஜென்சி எழுதினாள். விளையாட்டுக்குப் போட்டேன் என்று எழுதினாயே, அங்கேயும் ஒரு பொய்யா? அன்றைக்கு அவர்கள் செய்தது உனக்குத் தெரியாது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உனக்குத் தெரியாமலே போகட்டும் என்றுதான் நான் எழுந்து சத்தம் போடவில்லை. அப்புறமும் அதைப் பற்றி உன்னிடம் மூச்சு விடவில்லை. நான் உனக்கு மறைக்க, நீ எனக்கு மறைக்க, நல்ல குடும்பம்.

போன வாரம் பட்டு மாமியைக் கூட்டிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் போனேன், அந்த பிளெக்ஸைக் கழற்றச் சொல்ல. நேரில் பார்த்தால் இன்னும் பெரிதாக இருந்தது. நம் மாடி அறை உயரம் இருக்கும். அங்கே மேற்பார்வை பார்க்கிற தனசேகர் என்பவர் என்னைப் பார்த்தார், மேலே பார்த்தார், கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, நெட்ல இருந்து எடுத்தது. நெஜமாவே ஒருத்தங்க இருப்பாங்கனு தெரியாது" என்றார்.

பக்கத்தில் குடையின் கீழ் மீன் விற்கிற பூவம்மாள் அதற்குள் எழுந்து வந்துவிட்டாள். கோவளத்திலிருந்து கூடை கொண்டுவருகிறவள். "ஐயோ, அத்த எடுக்காதம்மா! நீ மேல கீறதால தான் இங்க ஒரு பொறுக்கியும் நிக்க மாட்றான். சாயங்காலம் ஆச்சினா குடிச்சிட்டு வந்து பேஜார் பண்ணிகினு இருந்தானுங்க. இப்போ உன்ன பாத்துட்டு அப்படியே அந்தப் பக்கம் போய்ட்றானுங்க" என்றாள். பட்டு மாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கும்தான்.

கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு தனசேகரிடம், "இருக்கட்டும். கொம்பு மட்டும் வேண்டாம். நாக்கும் வேண்டாம்" என்றேன். மறுநாளே ஆள் ஏற்றி வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டார்கள். இப்போது கொம்பு இருந்த இடத்தில் நரை மாதிரி இருக்கிறது. பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பட்டு மாமியின் போனில் மிச்சப் படங்களையும் பார்த்தேன். போலந்து அம்மாளின் கம்பளி வேலை நேர்த்தி. பூசணிக்காய் சுமார். திருச்சிப் பக்கம் ஒரு பெண் என் முகத்தைப் புள்ளிக் கோலமாகப் போட்டிருக்கிறாள். அதில் இடது கண்ணில் ஒரு வரிசைப் புள்ளி குறைகிறது, அதனால் பார்வை கூரைக்குப் போகிறது. மாமியை விட்டு அதை எழுதச் சொன்னேன். 'நீங்கதானா அது? திருத்திப் போடுறேன் டீச்சர்' என்று அவள் பதில் எழுதியிருக்கிறாள். திருத்தியும் போட்டுவிட்டாள். எனக்கு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

வருத்தம் முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடம், "எந்த ஸ்கூல்?" என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். போன மாதம் ரயிலில் ஒருத்தி உண்மையிலேயே என் மாணவி. நாற்பது வயதிருக்கும். "எட்டாம் கிளாஸ் பி, டீச்சர். உங்களைப் பார்த்தா இன்னும் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போய்விட்டாள். அது அவள் இறங்க வேண்டிய இடம்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. இதற்கு நான் என்ன செய்வது? செய்தது செய்ததுதான். சத்யப்ரியா மாதம் ஒருமுறை பொழிச்சலூரிலிருந்து வருகிறாள். அவளுக்கு நான் கணக்கு டீச்சர் இல்லை, எனக்கும் அது நிம்மதியாக இருக்கிறது.

இனி நீ அங்கே தனியாக இருக்க வேண்டாம். மாடி அறை உனக்குச் சிரமம் என்றால் கீழே முன்னறையில் கட்டில் போடுகிறேன். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறு, காலையில் சென்ட்ரலில் நான் நிற்பேன். நாலு பேர் நடுவில் தலையாட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொல். அதற்கு மேலும் யாராவது வாயை மட்டும் அசைத்து விளையாடினால், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
ரத்தினபாய்


கோத்தகிரி,
5 டிசம்பர் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கடிதத்தைத் தபால்காரர் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஜென்சி இங்கே வருகிறாள், அவளை அனுப்பிவிட்டு இருபத்தெட்டாம் தேதி காலை வந்து சேருவேன். கீழ் அறையே போதும். பழுப்புக் கோட்டைக் கொண்டுவரவா, இங்கேயே விட்டுவிடவா?

உன் தம்பி,
சுவிசேஷமுத்து


சாப்பாட்டு மேஜை,
19 ஜனவரி 2025, மாலை நான்கு மணி

அக்கா,

நான் சுகம். அடுத்த அறையில் நீயும் சுகமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கேட்கவில்லை.

உன்னை எழுப்ப மனம் வராமல் இதை எழுதி வைக்கிறேன். காலையில் நீ ஆலயத்திலிருந்து திரும்புவதற்கு முன் பட்டு மாமியின் வீட்டுக்காரர் சாம்பசிவன் சார் வாசலில் நின்று என்னிடம் ஏதோ கேட்டார். பழக்கதோஷத்தில் பாதி தலையாட்டிவிட்டேன். பிறகு நிறுத்திக்கொண்டு, "சார், எனக்குக் காது கேட்காது. இதில் எழுதுங்க" என்று சட்டைப் பையிலிருந்த நோட்டைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாக எழுதினார். 'சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்க வருகிறீர்களா? எனக்கும் பேச்சுத் துணை இல்லை' என்று எழுதியிருந்தார். அவர் எழுத்து உன் எழுத்தைவிட அழகு, கோபித்துக்கொள்ளாதே.

அவரோடு போகிறேன். நோட்டும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொண்டேன். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன், தேடி வராதே.

தோசை மாவு தீர்ந்திருக்கிறது. வரும்போது வாங்கிவருகிறேன். கடையில் நானே கேட்டுக்கொள்கிறேன்.

முத்து